ஒரு வாசலும் விடுபடாமல்

யாரையும் புறத்தே நிறுத்தாமை என்பது ஓர் அறம். ஈகை கண்ணுக்குத் தெரியும். பொறுமையை நாள்பட்டேனும் ஊரார் உணர்வர். இவ்வறமோ ஒரு வாசலில் நின்று ஒரு பெயரைச் சொல்லும் அளவே உடையது. சொல்லாது விட்ட அன்றுதான் அது இருந்த இடம் தெரியவரும். அந்த அறத்தை முப்பது ஆண்டுகளாகத் தம் தொண்டையில் சுமந்தவர் பள்ளிச் சத்துணவுக் கூடத்துச் சமையலர் ஒருவர். மார்கரெட் என்பது அவர் பெயர்.

சதுரங்கப்பட்டினத்துக் கோட்டைக்கு மேற்கே, கால்வாயைத் தாண்டினால் வரும் சிற்றூர் அவருடையது. நாலு தெரு, நூற்று நாற்பத்திரண்டு வாசல், கடலைப் பார்த்த ஒரு சிறிய ஆலயம். அந்தச் சபையாருக்கு ஒரு வழக்கம் உண்டு. பெரிய வெள்ளிக்கிழமை விடியலில் பெண்கள் வெள்ளைச் சேலை உடுத்து ஆலயத்திலிருந்து புறப்படுவார்கள். ஊரின் ஒவ்வொரு வாசலிலும் நிற்பார்கள். முன்னே நிற்பவர் அந்த வீட்டுக்காரரின் பெயரைச் சொல்லி, "இன்னார் வீட்டுக்காகவும் இயேசு மரித்தார்" என்று குரலெடுத்துக் கூவுவார். பின்னே நிற்பவர்கள் ஒரே ஓர் அடி பாடுவார்கள். வீட்டார் எந்த மதத்தவராயினும் வாசலில் ஒரு சொம்புத் தண்ணீர் வைத்திருப்பார்கள். கூவியவர் அதில் ஒரு வாய் பருகித் தொண்டையை நனைத்துக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போவார். பெயர் சொல்லாத வீட்டின் தண்ணீரைத் தொடுவதில்லை என்பது அதன் முறை. வாசல் அழைப்பு என்று அதற்குப் பெயர்.

அது தொடங்கிய காலத்தில் வாசலில் நிற்க இயலவில்லை. மார்கரெட்டின் தாய் ஞானம்மாளும் அவர் கூட்டத்தாரும் நிலமற்ற நடவுக் கூலிகள். ஊர்த்தெருவுக்குள் அவர்கள் கால் படக்கூடாது என்றிருந்த காலம். ஆகவே தெருமுனையில் நின்று, உள்ளே இருந்த வீடுகளின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கூவினார்கள். தங்களை உள்ளே விடாதவர்களின் பெயர்களைச் சொல்லி, உங்களுக்காகவும் அவர் மரித்தார் என்று கூவினார்கள். ஆண்டு முழுவதும் சேற்றில் குனிந்து நின்ற பெண்கள், நிமிர்ந்து நின்று நிலக்காரரின் பெயரை உரக்கச் சொல்ல முடிந்த நாள் அது ஒன்றே. பிற்காலத்தில் தெரு திறந்தது. திறந்த ஆண்டே ஞானம்மாள் முதல் ஆளாக உள்ளே நடந்துபோய் முதல் வாசலில் நின்றார். அவர் குரல் ஓய்ந்தபோது மகள் அந்த இடத்துக்கு வந்தார்.

மார்கரெட் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். ஆனால் ஊரின் பெயர்கள் அனைத்தும் அவருக்கு மனப்பாடம். இருபத்திரண்டு ஆண்டுகள் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தட்டில் சோறு வைத்தவர். எந்தப் பிள்ளை எந்த வீடு, அந்த வீட்டின் மூத்தவர் யார், சென்ற ஆண்டு யார் போனார், யார் வந்தார் என்பதெல்லாம் சோற்றுக் கரண்டியோடு அவர் கையில் பழகியிருந்தது. வாசல் அழைப்புக்கு அவர் ஒரு நாளும் தாள் எடுத்துப் போனதில்லை.

நூற்று நாற்பத்திரண்டில் கடைசி வாசல் அவருடையதே. அங்கே அவர் சொல்லும் பெயர் ராமதாஸ். கல்பாக்கத்துக்கும் திருக்கழுக்குன்றத்துக்கும் இடையே ஷேர் ஆட்டோ ஓட்டும் அவர் கணவர். ராமதாஸ் ஞானஸ்நானம் பெற்றவரல்லர். ஆலயத்தின் வெளிச்சுவர் வரை மனைவியைக் கொண்டுவந்து விடுவார், உள்ளே வரமாட்டார். ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவார். மார்கரெட் அதைத் தடுத்ததுமில்லை, அவருக்காக மன்றாடுவதை விட்டதுமில்லை. ஒரே மகள் சஹானா செங்கல்பட்டில் செவிலியாகப் பணிபுரிகிறாள். "வூட்ல ரெண்டு கட்சி, ஒரே கொடி" என்று ராமதாஸ் சவாரிக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பார். ஆயினும் ஆண்டில் ஒரு விடியலில், உள்ளே போர்த்திப் படுத்திருக்கும் அந்த மனிதரின் பெயரைச் சொந்த வாசலில் நின்று உரக்கச் சொல்லும்போது மார்கரெட்டின் குரல் மற்ற எல்லா வாசல்களையும் விட ஓங்கும். அது அவர் வைத்திருந்த நம்பிக்கை முழுவதும்.

அந்த நம்பிக்கையின்மேல்தான் இந்த ஆண்டு கேள்வி விழுந்தது.

*

கேள்வியைக் கொண்டுவந்தவர் கெட்டவரல்லர். அணு ஆராய்ச்சி நிலையத்தில் அதிகாரியாக இருக்கும் ஜெபசிங், தென்கோடியிலிருந்து மாற்றலாகி வந்து, ஊரின் புதுமனைத் தெருவில் வாடகைக்குக் குடியிருந்தார். ஓராண்டுதான் ஆகியிருந்தது. வேதத்தை எழுத்தெண்ணிப் படித்தவர். படித்ததைப் பிறருக்கு விளங்கச் சொல்லவும் தெரிந்தவர். பெரிய வெள்ளிக்கு முந்தைய லெந்து என்னும் தவக்காலத்தின் ஞாயிறு மாலைகளில் ஆலயத்தில் அவர் வகுப்பு எடுத்தார். தேவன் தம் மக்களை உலகத் தோற்றத்துக்கு முன்னே தெரிந்துகொண்டார், அதாவது தேர்ந்தெடுத்தார், அது அவர்களுடைய தகுதியால் அன்று, முற்றிலும் கிருபையால் என்று அவர் சொன்னபோது மார்கரெட்டுக்குக் கண் கசிந்தது. தம் தாயை இந்த உலகத்தில் யார் தெரிந்துகொண்டார்கள்? கூலி வாங்கும் களத்து மேட்டிலும் கடைசியாகத்தான் நின்றாள். அவளை ஒருவர் வானத்திலிருந்து முதலிலேயே தெரிந்துகொண்டார் என்பது மார்கரெட்டுக்குப் பாடம் அன்று, பாட்டு.

நான்காம் வகுப்பில் பாடம் திரும்பியது.

"மேய்ப்பன் ஆடுகளுக்காகத் தன் ஜீவனைக் கொடுத்தார். யாருக்காக? ஆடுகளுக்காக" என்றார் ஜெபசிங். "இரட்சிக்க வந்தவரு, இரட்சிக்க முயற்சி பண்ணிட்டுப் போகல. இரட்சிச்சே முடிச்சாரு. அவர் யாருக்காக மரிச்சாரோ அவங்கள்ல ஒருத்தர் கெட்டுப் போனாலும் சிலுவை தோத்துப்போச்சுன்னு ஆகும். சிலுவை தோக்குமா?"

"தோக்காது" என்றது சபை.

"அப்போ அவர் மரிச்சது தெரிந்துகொள்ளப்பட்டவங்களுக்காக. எல்லாருக்காகவும்னு சொன்னா, அந்த மரணத்தோட வல்லமையை நாமளே குறைச்சுப் பேசுதோம்."

பின் வரிசையில் இருந்த ஒரு முதியவர் எழுந்தார். "சர்வலோகத்துக்கும்னு வேதத்துல கீதே, சார்?"

"சகல ஜாதி ஜனத்துல இருந்தும்னு அதுக்கு அர்த்தம் எடுக்கலாம், ஐயா. ஒவ்வொரு ஆளுக்கும்னு எடுத்தா, கெட்டுப்போறவங்களுக்கு என்ன பதில் சொல்லுவோம்?"

முதியவர் ஒத்துக்கொள்ளாமலேயே உட்கார்ந்தார். அப்போது யாரோ கேட்டார்கள்: "அப்போ வாசல் அழைப்பு?"

ஜெபசிங் வேதத்தை மூடிவைத்தார். அவர் கேள்வியைத் தட்டிக் கழிக்கும் மனிதரல்லர். "நேர்மையாச் சொன்னா, அந்த வார்த்தைய சொல்லக்கூடாதுன்னுதான் நினைக்கேன். இந்த வீட்டுக்காக மரிச்சாருன்னு நமக்கு எப்படித் தெரியும்? தெரியாத ஒண்ண தேவன் பேரால தெரிஞ்ச மாதிரி சொன்னா அது பொய்ச்சாட்சி."

மார்கரெட் எழுந்தார். 

"அப்போ முப்பது வருசமா நான் பொய் சொல்லிகினு வந்தனா, சார்?"



"உங்க மனசு தப்புன்னு சொல்லலக்கா" என்றார் ஜெபசிங். "வார்த்தைதான்."

மார்கரெட் உட்கார்ந்தார். திருடினாய் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார். பொய் என்ற சொல் அவரைத் தைத்தது. அதுவும் தேவன் பேரால். அதுவும் ராமதாஸின் பெயரைச் சேர்த்து.

*

பெரிய வெள்ளிக்கு முந்திய குருத்தோலை ஞாயிறு முடிந்ததும் சபைக் கமிட்டி கூடியது. ஒரு சாரார் வழக்கத்தை விடக்கூடாது என்றார்கள். மற்றொரு சாரார் ஜெபசிங் சொல்வதற்கு மறுமொழி இல்லையே என்றார்கள். இரண்டு பக்கமும் உரத்த குரல்கள். சபைப் போதகரான ஆயர் சமாதானப் பிரியர். சண்டையோடு பெரிய வெள்ளிக்குள் போக அவருக்கு மனமில்லை. "இந்த வருசம் சபைப் பதிவேட்டில் உள்ள வீடுகளில் மட்டும் கூவுவோம். யாருடைய மனச்சாட்சிக்கும் இடறல் வேண்டாம்" என்று முடித்தார்.

பதிவேட்டைப் பார்த்துப் பட்டியலைத் தட்டச்சு செய்யும் பொறுப்பு ஜெபசிங்குடையதாயிற்று. மறுநாளே முடித்துக் கொடுத்தார். முப்பத்தெட்டு வீடுகள். கடைசி வரியில், "மார்கரெட்" என்று மட்டும் இருந்தது. அந்த வீட்டில் பதிவேட்டில் இருப்பவர் அவர் ஒருவரே.

"என் வூட்டு வாசல்ல என் பேர நானே கூவணுமா, சார்?"

"பதிவேட்டுல இருக்கதைத்தான் எழுதினேன்க்கா" என்றார் ஜெபசிங். சொல்லும்போது அவர் முகம் வாடியிருந்தது என்பதையும் மார்கரெட் கண்டார்.

அன்று மாலை ராமதாஸ் ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்தபோது மனைவி அடுப்பை மூட்டாமல் உட்கார்ந்திருந்தார்.

"இன்னாம்மே, மூஞ்சி இப்டி கீது? சோத்துல உப்பு ஜாஸ்தியா பூட்சா? பசங்க அழுதாங்களா?"

"இந்த வருசம் உன் பேரக் கூப்ட மாட்டேன்யா."

"ஏன்? நான் இன்னா பண்ணேன்? போன வாரங்கூட உங்க ஆயரு பஸ்ஸு இல்லாம நின்னுகினு இருந்தாரு. சும்மாவே ஏத்தியாந்தனே!"

மார்கரெட் விளக்கினார். தெரிந்துகொள்ளுதல், பட்டியல், பொய்ச்சாட்சி எல்லாவற்றையும் சொன்னார். ராமதாஸ் சட்டையைக் கழற்றியவாறே கேட்டார்.

"அப்போ நான் அந்த லிஸ்ட்ல இல்லியா?"

"இல்லன்னு யாரும் சொல்லல. கீதுன்னு சொல்ல நம்மளுக்குத் தெரியாதுன்றாங்க."

"ஆர்டிஓ ஆபீசு மாதிரி பேஜாரா கீதே" என்று ராமதாஸ் சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை. அவரும் நிறுத்திக்கொண்டார். வெகுநேரம் சட்டையைக் கொடியில் போடாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"நான் தூங்கறேன்னு நெனச்சிகினு இருந்தியா, இத்தினி வருசமும்?"

மார்கரெட் நிமிர்ந்து பார்த்தார்.

"கோழி கூவறதுக்கு முன்ன முழிச்சிக்குவேன். நீங்கோ குப்பத்துத் தெருவுல கூவும்போதே காதுல வந்து விழும். ஒவ்வொரு வூடா எண்ணிகினே படுத்திருப்பேன். எம்பேரு வர வரைக்கும் ஏந்திருக்க மாட்டேன்." ராமதாஸ் சட்டையை உதறிக் கொடியில் போட்டார். "எங்கப்பன் கூட என்ன அப்டிக் கூப்ட்டதில்ல. சரி வுடு. அடுப்ப மூட்டு."

*

பெரிய வெள்ளி விடிந்தது. கிழக்கே கடலுக்குமேல் சாம்பல் நிறம். பதினான்கு பெண்கள் வெள்ளைச் சேலையில் நின்றார்கள். முன்னால் மார்கரெட், பக்கத்தில் தாளும் கைப்பேசி வெளிச்சமுமாக ஜெபசிங். தாம் எழுப்பிய கேள்வியின் பாரத்தைத் தாமும் நடந்து சுமக்க வேண்டும் என்று வந்திருந்தார்.

மார்கரெட் கீழ்ப்படிந்தே புறப்பட்டார். தம் மனத்தை விட தேவனுடைய பெயர் பெரிது. அதனால் பொய் வேண்டாம் என்று எண்ணினார். முதல் வீடு பட்டியலில் இருந்தது. கூவினார், தண்ணீர் குடித்தார். அடுத்த வீடு இல்லை. அடுத்ததும் இல்லை. அதற்கடுத்ததும் இல்லை.

ஒருவரும் ஊராருக்குச் சொல்லியிருக்கவில்லை. எல்லா வாசலிலும் வழக்கம்போல் சொம்பு இருந்தது. தெளித்த வாசல், போட்ட கோலம், ஓரத்தில் ஒரு சொம்புத் தண்ணீர், கதவோரம் காத்து நிற்கும் ஒரு முகம். மார்கரெட் அந்த முகங்களைப் பார்க்காமல் நடந்தார். பின்னால் பெண்களின் பாட்டு நைந்தது. டீக்கடை ஷபானா சொம்பைக் கையிலேயே ஏந்தி நின்றாள். "அக்கா, தண்ணி" என்றாள். மார்கரெட் தலையசைத்துவிட்டுக் கடந்தார். தொண்டை காய்ந்து ஒட்டிக்கொண்டது. பெயர் சொல்லாத வீட்டின் தண்ணீரை எப்படிக் குடிப்பது?

குப்பத்துத் தெருவில் மீன் விற்கும் சின்னப்பொண்ணு இடுப்பில் கைவைத்து வழிமறித்தாள்.

"இன்னா மார்கரெட்டு, எம்வூட்டத் தாண்டிப் போற? நான் இன்னா உன் குடியக் கெடுத்தனா?"

"இல்ல சின்னப்பொண்ணு. இந்த வருசம்…"

"இந்த வருசம் இன்னா? உங்க சாமி எனக்காகச் செத்தத வாபஸ் வாங்கிகினாரா?"

பெண்களில் யாரோ அடக்கமாட்டாமல் சிரித்தார்கள். மார்கரெட் தலையைக் குனிந்துகொண்டார். நடந்தார். சின்னப்பொண்ணு வீட்டுக்குள் போகவில்லை. சொம்பை எடுத்துக்கொண்டு கூட்டத்தின் பின்னாலேயே வந்தாள். ஷபானாவும் கடையைச் சாத்திவிட்டு வந்தாள். தாண்டப்பட்ட ஒவ்வொரு வாசலிலிருந்தும் ஒருவர் இருவராகச் சேர்ந்தார்கள். சண்டைக்கு அன்று, என்னதான் நடக்கிறது என்று அறிந்துகொள்ள. புதுமனைத் தெருவுக்கு வரும்போது முன்னே பதினான்கு பெண்களும் பின்னே அறுபது சொம்புகளுமாக இருந்தார்கள்.

அந்தத் தெருவின் மூன்றாம் வீட்டு வாசலில் ஜெபசிங்கின் மனைவி பியூலா நின்றிருந்தார். ஊருக்கு வந்தபின் அவருக்கு இது முதல் பெரிய வெள்ளி. வாசல் அழைப்பைப் பற்றிக் கேள்விப்பட்டு, தென்னாட்டுப் பழக்கத்தில் பித்தளைச் சொம்பைப் புளியிட்டுத் துலக்கி, வாசல் நடுவே வைத்திருந்தார். நனைந்த தலையோடு, தம் வீட்டுப் பெயரை முதன்முறையாகக் கேட்கக் காத்திருந்தார்.

மார்கரெட் நின்றார். பட்டியலுக்காக ஜெபசிங்கைப் பார்த்தார்.

ஜெபசிங் தாளைப் பார்த்தார். வெளிச்சத்தைத் தாளுக்கு அருகே கொண்டுபோனார். மேலிருந்து கீழாக ஒருமுறை. கீழிருந்து மேலாக ஒருமுறை. அவர் முகம் வெளிறியது.

"என்ன சார்?"

"எங்க வீடு இதுல இல்ல" என்றார்.

இருக்க வழியில்லை. அவர் பார்த்து எழுதியது இந்தச் சபையின் பதிவேடு. அவர் குடும்பத்தின் பெயரோ இன்னும் தெற்கே, அவர் பிறந்த ஊர்ச் சபையின் பதிவேட்டில் இருந்தது. அங்கிருந்து வாங்கிவந்த மாற்றுக் கடிதம் ஓராண்டாக அவருடைய மேசை இழுப்பறையில் கிடந்தது. அடுத்த வாரம் கொடுக்கலாம், அடுத்த வாரம் கொடுக்கலாம் என்று. வேதத்தை எழுத்தெண்ணிப் படித்தவர், ஊரார் பெயர்களை ஒரு பிழையின்றித் தட்டச்சு செய்தவர், தம் பெயர் அதில் இல்லாததைக் கவனிக்கவே இல்லை.

"லிஸ்ட்ல இல்லியா?" என்று பின்னாலிருந்து சின்னப்பொண்ணு குரல் கொடுத்தாள். "அப்போ தாண்டிப் போ, மார்கரெட்டு! இன்னா, சாருக்கு ஒரு நாயம், எனக்கு ஒரு நாயமா?"

தெருவே சிரித்தது. பியூலாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கணவரையும் மார்கரெட்டையும் மாறிமாறிப் பார்த்தார். "நம்ம வீட்டைக் கூப்பிட மாட்டாங்களா?" என்று மெல்லக் கேட்டார். அந்தக் குரலில் இருந்ததை மார்கரெட் அறிந்திருந்தார். அது களத்து மேட்டில் கடைசியாக நின்றவளின் குரல்.

சிரித்துவிட்டுத் தாண்டிப் போகலாம். பழிக்குப் பழி, ஊரும் கைகொட்டும். மார்கரெட் போகவில்லை. சில வாரங்களாக அவருக்குள் கட்டிக்கிடந்தது அந்த வாசலில் உடைந்தது.

"சார், நீங்க அவரு தெரிஞ்சிகினவங்கள்ல ஒருத்தரா, இல்லியா?"

ஜெபசிங் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். "அவருக்குத் தெரியும்."

"இந்தத் தாளுக்குத் தெரியல."

"தெரியலக்கா."

"நீங்க சொன்னது மெய்தான், சார். அவரு தெரிஞ்சிகினது மெய்தான். அது இல்லன்னா எங்க ஆத்தாவுக்கு இன்னா கீது? ஆனா அந்த லிஸ்ட்டு அவரு கையில கீது. நம்ம கையில குடுக்கவே இல்ல. நம்மளுக்குக் குடுத்தது வாய்தான். மேய்ப்பன் ஆட்டப் பேர் சொல்லிக் கூப்டுவாருன்னு நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க? எந்த வாயால கூப்டுவாரு? இந்த வாயாலதான் கூப்டணும். நான் ஒரு வாசலத் தாண்டிப் பூட்டா, அவரு ஆடு அந்த வூட்ல இருந்தா, அதுக்கு எப்டி சார் கேக்கும்?"

"கூப்பிடலாம்க்கா. கூப்பிட வேண்டாம்னு நான் சொல்லல" என்றார் ஜெபசிங். குரல் தாழ்ந்திருந்தது, ஆயினும் அவர் தம் கேள்வியை விடவில்லை. "உனக்காக மரிச்சாருன்னு எப்படிச் சொல்ல?"

"மரிச்சாருன்னு சொல்ல எனக்குத் தெரியாதுன்னீங்க. மரிக்கலன்னு சொல்ல உங்களுக்குத் தெரியுமா?"

ஜெபசிங் தாளைத் தாழ்த்தினார்.

"தாண்டிப் போறதும் ஒரு வார்த்தைதான், சார்." மார்கரெட் திரும்பி, பின்னே சொம்புகளோடு நின்றவர்களைக் காட்டினார். "இந்த விடிகாலைல எத்தினி வாசலத் தாண்டி வந்தேன்! ஒவ்வொரு வாசல்லயும், உனக்கு இல்லன்னு சொல்லாம சொல்லிட்டு வந்தேன். அவரு பேரால சொன்னேன். அவரு என்கிட்ட அப்டிச் சொல்லவே இல்ல. முப்பது வருசமும் நான் பொய் சொல்லல, சார். இன்னிக்கித்தான் சொன்னேன். அதான் பொய்ச்சாட்சி."

கடற்காற்று தெருவுக்குள் வந்து சேலைகளை அசைத்தது. மார்கரெட் மறுமொழிக்காகக் காத்திருக்கவில்லை. வாசலை நோக்கி நின்றார். அவர் குரல் அன்று காலையில் முதன்முறையாக முழுவதும் எழுந்தது.

"ஜெபசிங் வீட்டுக்காகவும் இயேசு மரித்தார்!"

பதினான்கு பெண்களும் அடி எடுத்துப் பாடினார்கள். பியூலா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். ஜெபசிங் தம் சொந்த வாசலுக்கு வெளியே, அழைக்கப்பட்டவராக நின்றார். அந்த வார்த்தையை ஆயிரம் முறை அவர் ஆராய்ந்திருந்தார். தம் பெயரோடு சேர்த்து மற்றொருவர் வாயிலிருந்து கேட்டது அதுவே முதல் முறை. குனிந்து சொம்பை எடுத்து, தம் கையாலேயே மார்கரெட்டுக்குத் தண்ணீர் வார்த்தார். அந்தத் தாளை நாலாய் மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

"எனக்கு இன்னும் எல்லாம் பிடிபடலக்கா" என்றார். "ஆனா நீங்க சொன்னதுக்கு எங்கிட்ட பதில் இல்ல. விட்ட வாசலுக்கெல்லாம் திரும்பிப் போவோம். எது எதுன்னு நினைவு இருக்கா?"

"நினைவாவது! போட்டா பிடிச்ச மாதிரி கீது. வாங்க தம்பி."

சாராக இருந்தவர் அந்த வாசலில் தம்பியானார்.

*

அதன்பின் நடந்ததை ஊர் இன்றும் பேசுகிறது. கூட்டம் வந்த வழியே திரும்பியது. தாண்டப்பட்ட வாசல்களின் உரிமையாளர்கள் முன்னே ஓடிப்போய்த் தத்தம் வாசலில் நின்றுகொண்டார்கள். ஒவ்வொரு வாசலாகப் பெயர் எழுந்தது. ஷபானாவின் வீட்டில் எழுந்தது. சின்னப்பொண்ணு, "இன்னொரு தபா சொல்லு, விட்டுட்டுப் போனதுக்கு அபராதம்" என்றாள். மார்கரெட் இருமுறை கூவினார். ஊர்த்தெருவில், ஞானம்மாள் ஒருகாலத்தில் உள்ளே வரமுடியாமல் நின்ற முனையில், ஆயர் வந்து சேர்ந்துகொண்டார். அவரை யாரும் அழைக்கவில்லை. குரல் ஆலயம் வரை கேட்டிருந்தது. "என் கோழைத்தனத்தை மன்னியுங்கள்" என்று சபையார் முன் சொல்லிவிட்டுப் பெண்களோடு பாடினார். சூரியன் கடலை விட்டுப் பனை உயரம் எழுந்திருந்தது. வாசல் அழைப்பு அத்தனை வெயிலில் அதற்குமுன் நடந்ததில்லை. அத்தனை பேரோடும் நடந்ததில்லை.

நூற்று நாற்பத்தோராவது பெயரும் முடிந்தது. மார்கரெட் தம் வீட்டுத் தெருவில் திரும்பினார்.

வாசலில் ராமதாஸ் நின்றிருந்தார். படுத்திருக்கவில்லை, கதவுக்குள் மறைந்திருக்கவில்லை. தலைக்குக் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, இரண்டு கைகளாலும் எவர்சில்வர் சொம்பை ஏந்தி, விடியலிலிருந்தே வெளியே நின்றிருந்தார். பெயர் வராது என்று மனைவி அவருக்குச் சொல்லியிருந்தார். வராவிட்டாலும் நிற்பது என்று நின்றிருந்தார்.

மார்கரெட் எதிரே போய் நின்றார். நூற்று நாற்பத்தொரு வாசல்களுக்குக் கொடுத்த குரலில் மிச்சம் இருந்ததையெல்லாம் திரட்டினார்.

"ராமதாஸ் வீட்டுக்காகவும் இயேசு மரித்தார்!"

அந்த வழக்கத்தில் வீட்டார் மறுமொழி சொல்லும் முறை இல்லை. யாரும் சொன்னதும் இல்லை. ராமதாஸ் பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டதும் எழுந்து நிற்கும் பிள்ளையைப் போல நெஞ்சை நிமிர்த்தினார்.

"கீறேன்!" என்றார்.

தெரு ஆர்ப்பரித்தது. அன்று துக்க நாள் என்பதை ஒரு கணம் எல்லாரும் மறந்தார்கள். துக்கத்துக்குள்ளிருந்துதானே அந்த மகிழ்ச்சி வருகிறது! மார்கரெட் தண்ணீரைக் குடித்தார், குடிக்கும்போதே அழுதார், மிச்சத்தை ராமதாஸ் குடித்தார்.

ஞாயிறு விடிந்ததும் ஜெபசிங் மாற்றுக் கடிதத்தை ஆயரிடம் கொடுத்தார். சிலுவையின் எல்லையைப் பற்றி அவர் கொண்ட கருத்து முழுவதும் மாறிவிடவில்லை. மார்கரெட்டும் அவரை மாற்ற முயலவில்லை. ஆராதனை முடிந்து, ராமதாஸின் ஆட்டோ வரும் வரை, இருவரும் ஆலயத்து வேப்பமரத்தடியில் நின்று வாதாடுவார்கள். தெரிந்துகொள்ளுதல் தேவனுடையது, அழைத்தல் நம்முடையது என்ற இடத்தில் இருவரும் ஒன்றுபடுவார்கள்; அதற்கு அப்பால் மீண்டும் பிரிவார்கள். "இன்னும் முடியலியா உங்க கேஸு?" என்று ராமதாஸ் ஹாரன் அடிப்பார். இப்போதெல்லாம் அவர் ஆட்டோவை மதிற்சுவருக்கு உள்ளே கொண்டுவந்து நிறுத்துகிறார். அதற்குமேல் அவரை யாரும் அவசரப்படுத்துவதில்லை. பெயர் சொல்லி அழைத்தாயிற்று, அவரும் கேட்டாயிற்று.

ஊர்தள்ளி வைத்தாரை உள்ளழைத்த அன்புக்கு
யார்தள்ளி நிற்பார் இனி.

நூற்று நாற்பத்திரண்டாம் வாசலே, நீ வாழ்க. ஒருவரையும் தாண்டிப் போகாத அந்தக் குரல் உனக்குள் என்றும் ஓயாதிருக்கட்டும். உன் அடுப்பில் அனலும், உன் சொம்பில் நீரும், உன் கொடியில் உழைத்தவன் சட்டையும் குறையாதிருக்கட்டும். செங்கல்பட்டில் நோயாளர் அருகே விழித்திருக்கும் உன் மகளின் கையில் ஆறுதல் தங்கட்டும். உன்னில் உறங்கி எழுவோர் அனைவரின் பெயரையும், பெயர்களை எல்லாம் அறிந்தவர், ஒன்றும் விடுபடாமல் தம் வாயால் அழைப்பாராக.